பார்த்தவை

காலை ஏழுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கட்டுகிற கப்பலை
இரவு பதினொன்றுக்கு அவிழ்த்துவிடுவார்கள்.
நடுவில் கிடக்கும் பொழுதில்
எங்கள் ஆறு விற்பனைக்கு.

என் கையில் கம்பெனி கொடுத்த தாள்.
'பார்த்தவை' என்று தலைப்பு, கீழே கட்டங்கள்.
பருந்து, குரங்கு, மின்மினி: மூன்றும் உறுதி.
முதலை: இருந்தாலும் இருக்கும்.
உறுதி சொன்னது கண்ணில் படாவிட்டால்
ஆளுக்கு நாற்பது வெள்ளி திருப்பித் தரவேண்டும்.
யார் சம்பளத்திலிருந்து என்று தாளில் இல்லை.
எனக்குத் தெரியும்.

பருந்துக்குக் கவலையில்லை.
ஆ செங் கடையில் கோழித்தோல் இரண்டு கிலோ.
படகின் பின்னால் வீசினால் போதும்,
வெள்ளைக் கழுத்துக் கருடன்கள்
எங்கிருந்தோ சரிந்து வரும்.
பெருமாளைச் சுமக்கிற பறவை
தோலைக் கவ்விக்கொண்டு மேலேறியதை
ஒன்பது கேமராக்கள் பிடித்தன.
யாரும் பார்க்காதபோது
கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
கையெல்லாம் கோழி வாடை.

குன்றின்மேல் பழைய பீரங்கியில் உட்கார்ந்து
குரங்குகள் பயற்றங்காய் தின்றன.
சாம்பல் தாயின் மடியில் ஆரஞ்சுக் குட்டி.
ஏன் இந்த நிறம் என்று கேட்டாள் ஒருத்தி.
வளர வளர எல்லாரும் கறுத்துப்போவோம் என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்தாள்.

முதலைக்குப் பதில் ஒரு கட்டை மிதந்தது.
அதுவும் வெகுநேரம் அசையாமல்
தன்னால் ஆனதைச் செய்தது.
நான் டிக் போடவில்லை.
எனக்கென்று ஒரு நாணயம் இருந்தது,
அதுவரைக்கும்.

ஆறரைக்குப் பிடித்த மழை
ஏழே முக்காலுக்குத்தான் விட்டது.
எட்டரைக்குப் பேருந்து கிளம்பியாக வேண்டும்.
பிளாஸ்டிக் மழைச்சட்டைக்குள் ஒன்பது பேர்
முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
பாக் சமாட் மோட்டாரை அணைத்தார்.
பெரம்பாங் மரங்கள் கறுப்பாக நின்றன.
அடுத்த வளைவிலும் கறுப்பு.
அதற்கடுத்ததிலும்.
தாக் அடா என்றார் என் காதோரம். இல்லையாம்.
ஒன்பதை நாற்பதால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த நரைத்தலை அம்மாள்
எழுந்தே நின்றுவிட்டார், படகு ஆட:
"அதோ! அதோ!"

அக்கரையில், இலைகளுக்குப் பின்னால்
மஞ்சள் பொட்டுகள்.
காற்று அசைக்க அசைக்க
ஒளிந்தன, வந்தன.

மின்மினி அப்படி மினுக்காது.
ஒரு மரம் முழுக்க ஒரே மூச்சு விடும்.
இவை ஆளுக்கொரு பக்கம் சிமிட்டின.
எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலை அது.
கொதிகலன் கூரையில் நான்கு விளக்கு,
எடைமேடையில் இரண்டு,
புகைபோக்கி ஏணியோடு ஒரு வரிசை.
அந்த ஏணிக்கு அடியில் இரண்டாம் ஷிப்டில்
நார் தள்ளிக்கொண்டிருப்பார்
என் வீட்டுக்காரர் தனபாலன்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.
"பிளாஷ் போடாதீங்க, பயந்துடும்"
என்று வந்தது.

பாக் சமாட் இருமினார்.
ஒருவர் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.
யாரும் பேசவில்லை.
இத்தனை அமைதியாய் அந்த ஆலையை
யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

பேருந்து வெளிச்சத்தில் கட்டத்தைத் தேடினேன்.
நனைந்த தாள். டிக் போட்ட இடம் கிழிந்தது.
இறங்கும்போது நரைத்தலை அம்மாள்
ஐந்து டாலரை என் கையில் வைத்து மூடினார்.
புக்கிட் ரோத்தானில் அதை மாற்ற இடமில்லை.

பதினொன்றரைக்கு அவர் வந்தார்,
சட்டையில் வெந்த பழ வாடையோடு.
ரசத்தைச் சுடவைத்து ஊற்றினேன்.
"இன்னிக்கி ஒம்பது பேரு
ஒங்க ஆலையப் படம் புடிச்சாங்க."
"எதுக்கு?"
"அழகா இருந்திச்சாம்."
சோற்றில் கை நின்றது.
"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"
"பின்னாடி."
"அடச்சே. ஏணியில மூணாவது வெளக்கு எரியலியே.
ஃபோர்மேன்கிட்ட ரெண்டு மாசமாச் சொல்றேன்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.
பிறகு, தட்டைப் பார்த்தபடியே,
அடுத்த கப்பல் எப்போ என்று கேட்டார்.